அழுக்குச் சட்டைக்காரன் பக்கம்

சலவைக்கடைக்காரரையும் அவர் மனைவியையும் போன வாரம் நாம் மச்சினன் வீட்டு சோபாவில் உட்கார வைத்துவிட்டு வந்தோம். பெட்டிக்குத் தனிக் கட்டணம் கேட்ட விமானக் கம்பெனிக்குப் பாடம் புகட்டுவதற்காக, மூன்று சட்டை, இரண்டு கால்சட்டை, ஒரு கம்பளிக் கோட்டு எல்லாவற்றையும் உடம்பிலேயே மாட்டிக்கொண்டு இரண்டு விமானம் மாறி வந்தவர் அவர். பாடம் யாருக்குப் புகட்டப்பட்டது என்பது அவருடைய வேர்க்குருவைப் பார்த்தால் தெரியும்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. கடைக்காரருக்கு உயிர் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று சலவைக்கடை. இன்னொன்று சொந்த ஊரின் கால்பந்துக் குழுவான சிவப்பு அணி. அந்த அணி முதல் தடவையாகக் கடல் தாண்டி, நீல அணியை அதன் சொந்த மைதானத்திலேயே எதிர்த்து ஆடப்போகிறது. ரசிகர் மன்றம் ஏற்பாடு செய்த பயணத்துக்குக் கேட்ட தொகையில் கடைக்கு ஒரு புது பாய்லரே வாங்கிவிடலாம். கடைக்காரர் தாடையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் மனைவி, "அந்த ஊர்லதானே என் தம்பி இருக்கான்?" என்றாள்.

தம்பி இருப்பதை அவர் மறக்கவில்லை. மறக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமான புதிதில், பொடியனாக இருந்த மச்சினனைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் சிவப்பு அணியின் ஆட்டத்தைக் காட்டியவரே அவர்தான். அந்தப் பொடியன் வளர்ந்தான், வேலைக்கென்று வெளிநாடு போனான், போன இடத்தில் நீல அணியில் உறுப்பினர் ஆனான். நீல மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு பல்லைக் காட்டியபடி ஒரு ஃபோட்டோவும் அனுப்பினான். அன்றோடு பேச்சு நின்றது. சொல்ல வேண்டியதை மனைவி வழியாகத்தான் சொல்வார், எதிராளி பக்கத்திலேயே நின்றாலும் சரி.

கடையை மகளிடம் ஒப்படைத்துவிட்டு, வீறாப்பை மட்டும் கூடவே எடுத்துக்கொண்டு அவர் இங்கே வந்து சேர்ந்த கதை இதுதான். ஆட்டம் இன்று.

காலையில் மச்சினன் இரண்டு டிக்கெட்டுகளைச் சாப்பாட்டு மேசையில் வைத்தான்.

"அக்கா, மாமாகிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

"சொல்லேன். இங்கதானே உக்காந்திருக்காரு."

"காது நல்லாத்தான் கேக்குதுன்னு உன் தம்பிகிட்ட சொல்லு" என்றார் கடைக்காரர், ரொட்டியைப் பார்த்துக்கொண்டே.

"இது எங்க உறுப்பினர்கள் உக்கார்ற பகுதி. என் பேர்ல வாங்கின விருந்தாளி டிக்கெட்டு. எதிர் அணிக்குக் கை தட்டினாலோ கத்தினாலோ விருந்தாளியை வெளிய அனுப்பிடுவாங்க. அதோட என் சீட்டையும் பறிச்சிடுவாங்க."

"எந்த சீட்டுடா?"

"வருஷம் பூரா எனக்குன்னு இருக்கிற சீட்டு அக்கா. வரிசையில நாலு வருஷம் காத்திருந்து கிடைச்சது. போச்சுன்னா போச்சு, திரும்பக் கிடைக்காது."

கடைக்காரர் ரொட்டியைக் கீழே வைத்தார். "அதாவது, இவ்வளவு செலவு பண்ணி, இத்தனை தூரம் வந்து, நம்ம அணி ஆடுறதை நான் ஊமை மாதிரி உக்காந்து பாக்கணும். இதைத்தானே உன் தம்பி சொல்றான்?"

"ஆமாங்க. அதைத்தான் சொல்றான்."

"ஜெயிச்சா?"

"ஜெயிச்சாலும் நாக்கைக் கடிச்சுக்கிட்டு உக்காருங்க. உங்க வீறாப்புக்கு அவன் சீட்டைப் பலி குடுக்காதீங்க."

சொன்னதோடு அவள் நிற்கவில்லை. அவருடைய சிவப்பு ஜெர்சியை வாங்கி, கடை வழக்கப்படி கையை உள்ளே மடக்கி மடித்து, தம்பியின் பீரோவில் வைத்துப் பூட்டினாள். சாவி அவள் கைப்பைக்குள் போயிற்று. புருஷன் வாயைப் பூட்டத்தான் வழி தெரியவில்லை.

ரயில் நிறைய நீலம். கடைக்காரர் சாம்பல் நிறக் கோட்டுக்குள் பதுங்கிக்கொண்டார். மைதானத்து வாசலில் குளிர்காற்று காதைப் பிய்த்தது. தேநீர் விலையைக் கேட்டபோது அவருக்குக் குளிர் விட்டுப்போயிற்று. எந்த நாட்டு விலையானாலும் அவர் சட்டைக் கணக்கில்தான் போட்டுப் பார்ப்பார்.

"ஒரு டீ, ஏழு சட்டை இஸ்திரி! இந்த அரை முழ ரொட்டி ஒரு கம்பளி, டிரை வாஷ்! இவன் கடை போட்டிருக்கானா, கன்னம் வெச்சிருக்கானா?"

"யானையை வாங்கிட்டு அங்குசத்துக்கு அழுறீங்களே" என்று மனைவி ஒரு டீயை அவர் கையில் திணித்தாள். ஏழு சட்டையும் நாலு மடக்கில் தீர்ந்துபோயிற்று.

மச்சினன் சீட்டு நல்ல சீட்டுதான். மைதானத்துக்குப் பக்கம், வீரர்கள் மூச்சு வாங்குவது தெரிகிற தூரம். விருந்தாளிகளுக்கு அதை ஒட்டியே இரண்டு இடம். நடுவில் மச்சினன் உட்கார்ந்தான், இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் மாமா. எல்லைக்கல் நட்ட மாதிரி இருந்தது.

உட்கார்ந்த உடனே முன்வரிசையிலிருந்து வயதான ஒரு பெண்மணி திரும்பினாள். கையில் பெரிய பிளாஸ்க். மச்சினன் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள், ஏதோ திட்டினாள், கேட்காமலே ஒரு மூடியில் சூடாக எதையோ ஊற்றிக் கொடுத்தாள். பின்வரிசையில் இருந்த தாடிக்காரர் ஒருவர் அவன் மஃப்ளரைப் பிடித்து இழுத்து, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குக் கட்டுவது போல் கழுத்தில் சரியாகச் சுற்றிவிட்டார்.

"யாருடா இவங்கல்லாம்?" என்றாள் அக்கா.

"போன வாரம் எனக்குக் காய்ச்சல். வரல. அதான் விசாரிக்கிறாங்க. அந்தம்மா நர்ஸா இருந்து ரிட்டையர் ஆனவங்க. தாடிக்காரர் குழாய் ரிப்பேர் பண்றவர். என் வீட்டுக் குழாய்க்குக் காசே வாங்க மாட்டாரு."

"சொந்தக்காரங்க மாதிரி இருக்காங்களே."

"இந்த சீட்டுக் கிடைக்கிற வரைக்கும் ஆபீஸ்ல வேலையைத் தவிர யாரும் எங்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்லக்கா. பூட்டின வீட்டைத் திறந்து போயி, திரும்பப் பூட்டிட்டு வருவேன். அவ்வளவுதான். இங்கதான் ஒரு வாரம் வரலைன்னா ஏன் வரலைன்னு கேக்க ஆளு இருக்கு."

அவன் அக்காவிடம்தான் சொன்னான். ஆனால் கடைக்காரருக்குக் காது நல்லாத்தான் கேட்கும் என்று காலையிலேயே பார்த்தோம். அவர் மைதானத்துப் புல்லைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. கொடி மாறிவிட்டான், கொடி மாறிவிட்டான் என்று கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்லித் தீர்த்த மனிதர், அங்கே நீ எப்படி இருக்கிறாய் என்று அவனிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

ஆட்டம் தொடங்கியது.

கடைக்காரர் பட்ட பாட்டை எழுத இந்தப் பத்திரிகையில் பக்கம் போதாது. சிவப்பு அணி பந்தை எடுத்துக்கொண்டு ஓடினால் அவர் கால் தானாக உதைத்தது. எதிரே இருந்த இருக்கையில் இரண்டு தடவை உதை விழுந்து, நர்ஸம்மா திரும்பிப் பார்த்தாள். நீல அணி கோலை நெருங்கிக் கோட்டை விட்டபோது எல்லோரும் "அடடா" என்று தலையில் கை வைத்தார்கள். அவரும் வைத்தார். வைத்த கைக்குள் முகத்தைப் புதைத்துச் சிரித்துக்கொண்டார். தாடிக்காரர் அதை அழுகை என்று நினைத்து அவர் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

மனைவியைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. வீட்டில் டிவியில் ஆட்டம் ஓடினால், விசில் ஊதி முடிப்பதற்குள் குறட்டை விடுகிறவள் அவள். எந்த அணி எந்தப் பக்கம் என்பதுகூட அவளுக்குத் தெரியாது. இடைவேளைக்கு அப்புறம் பக்கம் மாறி ஆடுவார்கள் என்று சொன்னால், "எதுக்கு? இந்தப் பக்கம் என்ன குறைச்சல்?" என்பாள்.

ஆனால் இன்றைக்கு அவள் தூங்கவில்லை. பக்கத்திலிருந்து பார்த்ததும் அவளுடைய கடைக்கண் விழித்துக்கொண்டது. கடைக்கண் என்றால் சலவைக் கடையில் நின்று பழகிய கண். வருகிற துணியைப் பார்த்தே, போட்டவன் வேலை செய்தானா, சும்மா இருந்தானா என்று சொல்லிவிடுவாள்.

"ஏண்டா தம்பி, இந்தக் கொம்பு மாதிரி முடி வெச்சவன் எதுக்கு இருக்கான்?"

"அவர்தான் எங்க கேப்டன் அக்கா."

"கேப்டனா? மடிப்புக்கூடக் கலையலையே! அப்படியே கொண்டுபோயி பீரோவுல வெச்சுடலாம்." அவள் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். "அந்தப் பதினாலாம் நம்பர் பையனைப் பாரு. முழங்காலெல்லாம் புல்லுக் கறை. முதுகுல சேறு. தோள்ல சுண்ணாம்புக் கோடு. எத்தனை தடவை விழுந்து எந்திரிச்சானோ. அந்தக் கறை லேசுல போகாது, ராத்திரி பூரா ஊறணும். பாவம், மொத்த வேலையும் அவன் ஒருத்தன் தலையில கட்டிட்டாங்க."

அந்தப் பையன் சட்டையில் சேறு போக மிச்சம் இருந்த நிறம் சிவப்பு. அதை அவள் கவனிக்கவில்லை. அழுக்கைப் பார்க்கிறவர்கள் நிறத்தைப் பிரிப்பது துணி கடைக்கு வந்த பிறகுதான்.

ஆட்டம் முடியப்போகிற நேரம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. அப்போது நீல கேப்டனின் காலடியிலிருந்து பதினாலாம் நம்பர் விழுந்து புரண்டு பந்தைப் பிடுங்கினான். எழுந்தான். ஓடினான். ஒருவன் சட்டையைப் பிடித்து இழுத்தான், உதறிவிட்டு ஓடினான். அடித்தான்.

கோல்!

மைதானமே எழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. கடைக்காரருக்கோ ஆனந்தம் வயிற்றிலிருந்து கிளம்பித் தொண்டையில் வந்து முட்டியது. இதற்காகத்தான் அவர் மூன்று சட்டை போட்டுக்கொண்டு வேர்வையில் வெந்து வந்தார். இதற்காகத்தான் ஏழு சட்டை இஸ்திரியை நாலு மடக்கில் குடித்தார். பல்லைக் கடித்தார். உதட்டைக் கடித்தார். மஃப்ளருக்குள் முகம் புதைத்திருந்த மச்சினனை ஒரு தடவை பார்த்தார். தன் முழங்கால்கள் இரண்டையும் இறுகப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, கல்லாக உட்கார்ந்திருந்தார். ஜெயித்துவிட்டார் மனிதர், ஒரு சத்தம் போடவில்லை!

"அப்படிப் போடுடா என் ராசா!"

அந்த நிசப்தத்தில், பாய்லர் இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசிப் பழகிய ஒரு குரல் கணீரென்று எழுந்தது. அவர் மனைவி இருக்கை மேலேயே ஏறி நின்று கைதட்டிக்கொண்டிருந்தாள்.

"உழைச்சவனுக்குத்தான் கிடைக்கணும்! மடிப்புக் கலையாத பயலுக எல்லாம் ஓரமா நில்லுங்கடா!"

"அக்கா! உக்காரு அக்கா!"

"ஏன்டா? நல்லா ஆடினவனுக்குக் கை தட்டக் கூடாதா?"

"அவன் சிவப்பு அணி அக்கா!"

அவள் கை பாதியில் நின்றது. சுற்றிலும் இருந்த நீலம் முழுக்க அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. படியில் மஞ்சள் கோட்டுப் போட்ட காவலர் ஒருவர் மேலே ஏறி வந்தார். மச்சினன் முன்னால் கையை நீட்டினார். அவன் உறுப்பினர் அட்டையை எடுத்து அந்தக் கையில் வைத்தான்.

படிக்கட்டுக்கு அடியில் இருந்த சின்ன அறைக்கு அவர்கள் போய்ச் சேர்வதற்குள், அந்த ஒரு கோலிலேயே ஆட்டம் முடிந்துவிட்டது. மேசைக்குப் பின்னால் மைதான மேற்பார்வையாளர் உட்கார்ந்திருந்தார். வழுக்கைத் தலை, நீல டை, தோற்றுப்போன முகம். மேசைமேல் மச்சினனின் அட்டை. அதன்மேல் அவருடைய ஒரு விரல்.

அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. "நான் பாவி. நாக்கைக் கடிச்சுக்கோங்கன்னு அவருக்குச் சொன்னேனே, எனக்கு யாரும் சொல்லலையே. இவருகிட்ட நானே பேசுறேன், நீ சொல்லுடா."

மேற்பார்வையாளர் கேட்டார். மச்சினன் தமிழில் சொன்னான்: "நீ எந்த அணின்னு கேக்குறாரு. எங்க அணி பேரைச் சொல்லிடு அக்கா. போதும்."

"எனக்கு எந்த அணின்னே தெரியாதேடா. பொய்யா சொல்லச் சொல்ற? இப்படிச் சொல்லு: நாங்க சலவைக்கடை. யாரு துணி ரொம்ப அழுக்காச்சோ அவன் உழைச்சவன். எனக்கு அவன் பக்கம்தான். உங்க பசங்க துணி அழுக்காகியிருந்தா உங்களுக்கும் கத்தியிருப்பேன். ஒருத்தனாவது விழுந்தானா?"

மச்சினன் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தான். மேற்பார்வையாளரின் தோள் குலுங்கியது. அவர் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏதோ சொன்னார்.

"அக்கா சொல்றது சரிதானாம். இன்னைக்கு அவங்க பசங்க உடுப்பைத் துவைக்கிறது தண்ணிக்குத்தான் தண்டமாம்."

விரல் அட்டையைக் கொஞ்சம் முன்னால் தள்ளியது. ஆனால் அட்டையை விட்டு அகலவில்லை. மேற்பார்வையாளர் மெதுவாகத் திரும்பினார். இந்தப் பக்கம் கல்லாக உட்கார்ந்திருந்த ஒருவரை அவர் இப்போதுதான் பார்த்தார். இரண்டு அணிகளின் பெயரையும் சொன்னார். விரலை இப்படியும் அப்படியும் ஆட்டினார். இதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

அம்மை போட்டுக் கிடந்தபோதுகூடக் கடைக்காரரின் வாய் சிவப்பு அணியின் பேரைத்தான் பிதற்றியதாம். அந்த வாயால் இன்னொரு பேரைச் சொல்வதாவது!

மச்சினன் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தான். அக்காவைத் தாண்டி, நேராக அவரிடமே பேசினான்.

"மாமா, வேணாம். உங்களுக்கு அது எப்படின்னு எனக்குத் தெரியும். என்னைத் தோள்ல தூக்கிட்டுப் போனவரு நீங்க. சீட்டுதானே, போனாப் போகட்டும். வாங்க, வீட்டுக்குப் போலாம்."

"நீ சும்மா இருடா" என்றார் கடைக்காரர்.

இத்தனை வருஷத்தில் அவர் அவனிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். கதவோரம் பிளாஸ்க்கோடு நர்ஸம்மாவும் அவளுக்குப் பின்னால் தாடிக்காரரும் வந்து நிற்பதை அவர் பார்த்தார். இந்த ஊரில் அவனுக்கு இருந்த சொந்தம் மொத்தமும் அந்தக் கதவோரத்தில்தான் நின்றது.

அவர் எழுந்தார். கோட்டுப் பொத்தானைச் சரிசெய்தார். மேற்பார்வையாளரின் கண்ணைப் பார்த்து, கணீரென்று, நீல அணியின் முழுப் பேரையும் சொன்னார்.

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். மச்சினன் அவர் கையைப் பிடித்தான். பிடித்தவன் விடவில்லை, அவரும் விடுவிக்கவில்லை. மனைவி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே, "உங்களுக்குப் பொய் சொல்லக்கூட வருமாங்க?" என்றாள்.

அட்டை கைக்கு வந்தது. கதை இங்கே முடிந்திருந்தால் கடைக்காரர் நிம்மதியாக ஊர் திரும்பியிருப்பார். ஆனால் மேற்பார்வையாளருக்கு மனசு பொங்கிவிட்டது. மேசையைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தார். தன் கழுத்திலிருந்த நீல மஃப்ளரைக் கழற்றிக் கடைக்காரர் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றினார். தோளில் கை போட்டார். மஞ்சள் கோட்டுக்காரர் ஃபோனை எடுத்து ஒரு படம் பிடித்தார், இன்னும் ஒன்று பிடித்தார்.

"என்ன சொல்றாரு?" என்று கேட்டார் கடைக்காரர், மஃப்ளருக்குள்ளிருந்து.

மச்சினன் தரையைப் பார்த்தான். "கிளப்போட இணையப் பக்கத்துல போடுறாங்களாம் மாமா. தோத்த நாளு, ரசிகர்களுக்கு ஏதாவது நல்ல சேதி வேணுமாம். எதிர் அணியோட ஊர்லேர்ந்தே நம்ம அணிக்காகக் கடல் தாண்டி வந்த ரசிகர்னு போடுறாங்களாம். உங்க கடை பேரையும் சேர்த்துத்தான்."

"கடை பேரு அவருக்கு எப்படித் தெரியும்?"

"விருந்தாளி டிக்கெட்டுல நான்தான் எழுதிக் குடுத்தேன்."

"சரி, எப்பப் போடுவாங்க? நாம ஊரு போய்ச் சேர்ந்த பிறகு போடச் சொல்லுடா."

"போட்டாச்சு மாமா."

நர்ஸம்மா ஊற்றிக் கொடுத்த மூடியை அவர் வாயில் வைக்கப்போனபோது, சட்டைப் பையில் ஃபோன் அதிர்ந்தது. மகள். கடையிலிருந்து.

"எடுக்காதீங்க மாமா" என்றான் மச்சினன்.

அவர் எடுத்தார். மகள் குரலுக்கு முன்னால் பெரிய கூச்சல்தான் காதில் விழுந்தது. அத்தனையும் அவருக்குத் தெரிந்த குரல்கள், பயணத்துக்குப் பணம் கட்டாமல் ஊரிலேயே தங்கிவிட்ட அவருடைய ரசிகர் மன்றத்துக் குரல்கள். எல்லோரும் பல வருஷ வாடிக்கைக்காரர்கள்.

"அப்பா! கடை வாசல் பூரா ஆளுங்க. ஜெயிச்சதுக்கு ஆடிக்கிட்டு இருந்தவங்க அப்படியே இங்க வந்துட்டாங்க. துவைக்கப் போட்ட துணியை எல்லாம் இப்பவே திருப்பிக் குடுன்னு கேக்குறாங்க. பாதி இன்னும் தண்ணியில ஊறுது. நான் என்னப்பா பண்ணட்டும்?"